கைப்பையைக் கழற்றாத மூன்றரை நிமிடம்

பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பா, சின்னவள், நான் மூவரும் உடம்பளவில் சுகம். நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நடமாடுகிறாய் என்று அப்பா மூலம் தெரிந்துகொள்கிறேன், அந்த மட்டில் நிம்மதி. நீ என்னோடு பேசிப் பதினோரு வாரம் ஆகிறது. ஃபோனை எடுப்பதில்லை, அனுப்பும் செய்திகளைத் திறப்பதில்லை, அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். என் கையெழுத்தைப் பார்த்ததும் கவரோடு தூக்கிப் போட்டுவிடுவாயோ என்று விலாசத்தை மட்டும் அப்பாவை எழுதவைத்தேன். முன்பே எழுதியிருக்க வேண்டும். ஆறு முறை ஆரம்பித்தேன், ஆறு முறையும் நான் எழுதியது எனக்கே சாக்குப்போக்காகத் தெரிந்தது, கிழித்துவிட்டேன். நேற்று அப்பா சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார், இந்த மாதக் கடைசியோடு படத்தொகுப்பு வேலையை விட்டுவிட்டு மேசை நாற்காலி விற்கும் கம்பெனியில் பில் போடும் வேலைக்குப் போகப்போகிறாய் என்று. அதற்குமேல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ அந்த வேலையை விடக்கூடாது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சொல்ல எனக்கு என்ன தகுதி என்று நீ கேட்பாய், கேள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கேள்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. சின்னவளுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன, பல் டாக்டரிடம் வேலை பார்க்கும் அம்மாவுக்கு ஓட்டைப்பல் மகள் என்று வகுப்பில் கிண்டல் செய்கிறார்களாம். அப்பாவுக்கு இப்போது புதிதாக நான்கு கட்டிடங்களின் லிஃப்டைக் கொடுத்திருக்கிறார்கள், முழங்கால் வலிக்கு நடுவே ஏறி இறங்குகிறார். லிஃப்ட் பழுது பார்ப்பவர் படியேறித்தான் போகவேண்டும் என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொள்கிறார். உன்னோடு பேசும்போது மொட்டைமாடி லிஃப்ட் மோட்டார் அறைக்குள் நின்றுகொண்டு பேசுகிறார் என்பது எனக்குத் தெரியும், வீட்டுக்கு வந்ததும் அவர் முகத்திலேயே தெரிந்துவிடும், நான் கேட்பதில்லை. நான் வழக்கம்போல முன்மேசையில் உட்கார்ந்து யாருக்கு எத்தனை மணிக்குப் பல் பிடுங்க வேண்டும் என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இலக்கியம் படித்ததற்கு அது ஒன்றுதான் பலன், கையெழுத்து அழகாக இருக்கிறது என்று டாக்டர் சொல்வார். ஃபோனில் நம்முடைய சினிமாக் குழுவும் அப்படியேதான் இருக்கிறது. புதுப்படம் எது வந்தாலும் டாக்டர் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களோடு ஒப்பிட்டு அழுவார், அந்தக் காலத்தில் ஒரு கதவைச் சாத்தினாலே கதை சொல்லிவிடுவார்கள், இப்போது வீட்டையே கொளுத்தினாலும் ஒன்றும் புரிவதில்லை என்பார். மருந்துக்கடைக்காரர் தன் வழக்கப்படி படத்துக்கு மருந்துச்சீட்டு எழுதுவார், பாட்டு சாப்பாட்டுக்கு முன், சண்டை சாப்பாட்டுக்குப் பின், இரண்டாம் பாதி தூக்கம் வராதவர்களுக்கு மட்டும் என்று. பள்ளிப் பேருந்து ஓட்டும் அண்ணனுக்கு எல்லாப் படத்துக்கும் ஒரே வார்த்தைதான், ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. என்னை எல்லோரும் கடைசி வரிசை என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள், நான் எழுதுவதை வெளிக்குழுக்களுக்கும் அனுப்புவார்கள், அதில் எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பது உனக்குத் தெரியும். அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் செய்தது.

அந்த வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அப்பா காலையிலிருந்தே இந்த வாரம் இந்தப் படம்தான் என்று ஒற்றைக்காலில் நின்றார். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டேன், சும்மா பார்க்கலாமே என்றார். அந்தப் படத்தில் உன் பெயர் வருவதை நீ அவரிடம் மட்டும் சொல்லி, எனக்குச் சொல்லக்கூடாது என்று வாக்கு வாங்கியிருந்தாய், மறுநாள் ஃபோன் செய்து எந்தக் காட்சி பிடித்தது என்று என்னிடம் நீயே கேட்பதாக இருந்தாய், அதெல்லாம் பிறகுதானே எனக்குத் தெரிந்தது. படம் முடிந்ததும் கடைசிப் பேருந்து போய்விடும் என்று பெயர்கள் ஓட ஆரம்பிப்பதற்குள் நான்தான் எல்லோரையும் எழுப்பிக் கிளப்பினேன். அப்பா, கொஞ்சம் இரு, பேர் போடுறாங்க, பார்த்துட்டுப் போலாம் என்றார். பேரைப் பார்த்து நாம என்ன செய்யப் போறோம் என்று நான் சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன். நம் வீட்டு வழக்கம் உனக்கு நினைவிருக்கும், உனக்கு நான்கு வயதாக இருக்கும்போது நாமே ஏற்படுத்தியது. படம் பார்த்துவிட்டு வந்தால் வீட்டில் சின்னவர் யாரோ அவர்தான் முதலில் பேசவேண்டும், மற்றவர்கள் அதுவரை வாயைத் திறக்கக்கூடாது, பெரியவர்கள் பேசிவிட்டால் குழந்தைக்குச் சொந்தமாக ஒன்றும் தோன்றாது என்று. உன்னை அப்படித்தான் வளர்த்தோம், அதனால்தான் உனக்கு அந்தக் கண் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பேருந்தில் சின்னவள் என் கையைப் பிடித்து இழுத்து, அம்மா அந்த ஆன்ட்டி இருக்காங்கல்ல என்று ஆரம்பித்தாள். இரு டி, அப்புறம் என்று கையைத் தட்டிவிட்டேன். மருந்துக்கடைக்காரர் முந்திக்கொண்டுவிடுவாரோ என்று பேருந்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஒரு கையால் ஃபோனில் குழுவுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். நான் எழுதியதை நீ மனப்பாடமாக வைத்திருப்பாய், இருந்தாலும் எழுதுகிறேன், என் கையாலேயே இன்னொரு முறை எழுதவேண்டும். வேலை விட்டு வந்த பெண் கட்டில் ஓரத்தில் கைப்பையைக்கூடக் கழற்றாமல் மூன்றரை நிமிடம் உட்கார்ந்திருக்கிறாளாம், எந்த வீட்டில் ஐயா, அடுப்பை யார் பற்றவைப்பது, இந்தக் காட்சியைத் தொகுத்தவர் கத்தரிக்கோலைத் தொலைத்துவிட்டு அதைத் தேடப் போன இடத்தில் தூங்கிவிட்டார். இதுதான். வீடு வந்து சேர்வதற்குள் எட்டுக் குழுவுக்குப் போய்விட்டது. செருப்பைக் கழற்றும்போது, சொல்லு டி இப்ப, என்றேன். சின்னவள், மறந்துபோச்சு என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நீ கூப்பிடவில்லை. வேலை அதிகம் போல என்று நினைத்தேன். அடுத்த வாரமும் கூப்பிடவில்லை. நான் எழுதியது தயாரிப்பாளர் வரைக்கும் போனது, அவர் அதை எல்லோர் முன்னாலும் வாசித்துச் சிரித்தது, இரண்டாவது வாரத்திலிருந்து அந்தக் காட்சியை நாற்பது நொடியாக்கச் சொன்னது, உன்னை மறுபடியும் கோப்புகளுக்குப் பெயர் போடும் வேலைக்கே தள்ளியது, ஒன்றும் எனக்குத் தெரியாது. ஒரு மாதம் கழித்து ஒரு மாலை நான் உன்மேல் கோபமாகப் பேசினேன், பெத்தவள்னு ஒரு நினைப்பு இருந்தா ஒரு ஃபோன் பண்ண மாட்டாளா என்று. அப்பாவுக்கு என்றைக்கும் வராத கோபம் வந்தது. அந்தக் காட்சிய எடிட் பண்ணினது உன் பொண்ணுடி, எடிட்டர் ஒரு நிமிஷத்துல முடிச்சுடலாம்னாராம், இவதான் மன்றாடி எங்க அம்மா இப்படித்தான் சார் உட்காருவாங்க, கொஞ்ச நேரம் விட்டுப் பாருங்கன்னு முழுசா வச்சாளாம், என்றார். நான் எப்போது அப்படி உட்கார்ந்தேன் என்று கேட்டேன். சின்னவள் வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே, டெய்லி உட்காருவியேம்மா, அன்னைக்கு பஸ்ல அதைத்தானே சொல்ல வந்தேன், என்றாள். பெரியவளே, எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. வந்ததும் நேரே அடுப்படிக்குப் போகிறேன் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன்.

அப்பா சொன்னதற்கு மறுநாளே அரைநாள் விடுப்பு சொல்லிவிட்டு மறுபடியும் அந்தப் படத்துக்குப் போனேன், பக்கத்து ஊரில் ஒரே ஒரு அரங்கில் மதியக் காட்சி மட்டும் இருந்தது. கட்டில் ஓரத்துக் காட்சி போய்விட்டது. அவள் உள்ளே வருகிறாள், உட்காருகிறாள், உடனே வெளியே தெரு வந்துவிடுகிறது. யாரும் எதையும் கவனிக்கவில்லை. ஆனால் கடைசியில் அவள் தையல் கம்பெனியில் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போகிறாளே, அந்த இடத்தில் எனக்குப் பின்னால் இருந்த ஒருவர் பக்கத்தில் இருப்பவரிடம், இவ எதுக்கு இப்ப எந்திரிச்சுப் போறா என்று கேட்டார். முதல் தடவை அந்த இடத்தில்தான் நான் அழுதேன். நடிகை பிரமாதம் என்று மறுநாள் தனியாகவும் எழுதினேன். அவள் எழுந்ததற்கு நான் அழவில்லை, அத்தனை நேரம் உட்கார்ந்திருந்தவள் எழுந்ததற்கு அழுதிருக்கிறேன். அழவைத்தது நீ, பாராட்டு வாங்கியது அவள், திட்டு வாங்கியது மட்டும் நீ. உட்கார்ந்தது இல்லாமல் போனதும் எழுந்ததற்கும் அர்த்தம் இல்லாமல் போயிற்று. இருபது வருடமாகப் படம் பார்க்கிறேன், இது எனக்குத் தெரியவில்லை. இந்த முறை பெயர்கள் ஓடும்வரை உட்கார்ந்திருந்தேன். விளக்கைப் போட்டுவிட்டார்கள், பெருக்குகிற அம்மா காலைத் தூக்குங்க என்றார், உதவியாளர்கள் ஒன்பது பேரில் ஏழாவதாக உன் பெயர் வெளிறிப்போய் மேலே ஏறிப் போயிற்று. ஒன்று மட்டும் சொல்கிறேன், பொய் சொன்னால் நீ கண்டுபிடித்துவிடுவாய். அந்தக் காட்சியில் கடைசி அரை நிமிடம் இல்லாமலும் இருந்திருக்கலாம் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. மீதி மூன்று நிமிடத்தை யாரும் தொட்டிருக்கக் கூடாது.

செய்ததைத் திருத்தப் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை. குழுவில் எழுதியதை அழித்தேன், இரண்டு நாள் கழித்து மருந்துக்கடைக்காரரே, நான் எழுதியது என்பதையே மறந்து, யாரோ எழுதினது செம நக்கல் பாருங்கம்மா என்று எனக்கே அனுப்பினார், என் பெயர்கூட அதில் இல்லை. நான் தவறாகப் பார்த்துவிட்டேன், அந்தக் காட்சி ஏன் வேண்டும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதிப் போட்டேன். மூன்று பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். பேருந்து அண்ணன் மட்டும், அந்தப் படம்தான் தூக்கியாச்சே, இப்ப எதுக்கு, என்று கேட்டார். போன வாரம் துணிந்து உன் ஆபீஸ் எண்ணுக்கே ஃபோன் செய்தேன். எடுத்தவரிடம் அந்தக் கத்தரிக்கோல் விமர்சனம் எழுதியது நான்தான் என்று ஆரம்பித்தேன், அதற்குமேல் சொல்வதற்குள் அவர் சிரித்துவிட்டார், ஐயோ மேடம் நீங்களா, அதை எங்க சுவத்துல ஒட்டி வச்சிருக்கோம், ரெண்டு மாசமா எங்களுக்கு அதுதான் பொழுதுபோக்கு, தொடர்ந்து எழுதுங்க, என்றார். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நீ தினமும் வேலை செய்கிறாய் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அவளுடைய அம்மா என்று சொல்லவேண்டும் என்றுதான் கூப்பிட்டேன். சொன்னால் உன்னை இன்னும் கேலி செய்வார்களோ என்று தோன்றியது, இல்லை, அது சாக்கு, எனக்கு வெட்கமாக இருந்தது. தேங்க்ஸ் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ என்மேல் கோபப்படுவதற்கு இது இரண்டாவது காரணம், உனக்குத் தெரியாமல் இருக்க வேண்டாம் என்று எழுதுகிறேன்.

நீ என்னோடு பேசவேண்டும் என்று கேட்க இந்தக் கடிதம் இல்லை. பேசாமலே இரு, எத்தனை நாள் வேண்டுமானாலும். பில் போடும் வேலைக்கு மட்டும் போகாதே. அது மட்டமான வேலை என்று சொல்லவில்லை, நானும் அப்படித்தான் ஒன்று பார்க்கிறேன், அதனால்தான் சொல்கிறேன். பத்தொன்பது வயதில் நீ வயிற்றில் இருக்கும்போது பரீட்சை எழுதியவள் நான், முடித்ததும் ஏதாவது ஒரு நாற்காலி கிடைத்தால் போதும் என்று உட்கார்ந்தேன், எழுந்திருக்கவே இல்லை. உனக்கு அந்த ஆபீஸ் வேண்டாம் என்றால் வேறு ஆபீஸைப் பார், அந்தச் சுவரின் முன்னால் இருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உன்னிடம் அந்தக் காட்சி முழுசாக எங்காவது இருக்கும், கோப்புகளுக்குப் பெயர் போடுகிறவள் நீதானே. கோபத்தில் அழித்துவிடாதே. எனக்கு அனுப்பவேண்டாம், நான் ஒருமுறை பார்த்தேன், பார்த்த லட்சணம் தெரியும். வேலை கேட்டுப் போகும் இடத்தில் அதை வைத்துக் காட்டு. யாராவது இவ்வளவு நீளமா என்று சிரித்தால், எங்கள் வீட்டில் இப்படி ஒருத்தி இருக்கிறாள், அவளுக்கே தெரியாது, என்று சொல். என்னைச் சொல்லலாம், நான் ஒன்றும் நினைக்கமாட்டேன்.

கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் காட்டிவிடு, போன வருடமே டாக்டர் சொன்னார், வீங்கிய பிறகு போனால் இரண்டு மடங்கு வலி. திரையைப் பார்த்து உட்காரும்போது நடுநடுவே கண்ணை மூடித் திற. நீ எடுத்த வேலை உன் கையில் நிலைக்கவேண்டும், உன் கண் யார் சொல்லுக்கும் கலங்காமல் இருக்கவேண்டும், என் சொல்லுக்கும்கூட. நீ நன்றாக இரு. பதில் போட வேண்டியதில்லை. மாதம் முடிந்து முதல் தேதி எந்த ஆபீஸுக்குக் கிளம்பினாய் என்பதை மட்டும் அப்பாவிடம் சொல், அன்றைக்கு அவர் படியிறங்கி வரும்வரை நான் அவர் வேலை பார்க்கும் கட்டிடத்தின் வாசலில் நிற்பேன்.

அம்மா