மாமியார் வர்றாங்கன்னு கொடியை வெட்டிடாத

இல்லக்கா, நீ நேத்து கத்துனது தப்பு. இலையெல்லாம் பூசணிக்காயோட சாப்பாட்டைப் பிடுங்கித் தின்னல, இலைதான் அதுக்கு ஆக்கிப் போடுது! அதான் போன மாசம் முதல் பிஞ்சை நான் கிள்ளிப் போட்டேன். அப்போ செடி ரொம்பச் சின்னது, அதால பெரிய காயை வளர்க்க முடியாது. "பைத்தியமாடி உனக்கு"ன்னு நீ ஒரு வாரம் பேசவே இல்ல.

இப்போ வந்து பாரு! கொடி வாசல் வரைக்கும் ஓடிருச்சு, ஒவ்வொரு இலையும் குடை மாதிரி. ரெண்டாவது காய் நேத்துக்கும் இன்னைக்கும் நாலு விரல் பெருத்திருக்கு! நம்ப முடியாம டேப்பை ரெண்டு தடவை சுத்திப் பார்த்தேன்.

உன் மாமியார் வர்ற வழியை மறைக்குதுன்னு கத்தரியைத் தூக்கிடாத, ப்ளீஸ். பாதிக் கொடி போனா காய் சுணங்கிடும். பின்வாசல் சாவி ஆணில தொங்குது, அந்த வழியா கூட்டிட்டு வா. சாப்பாடு மூடி வச்சிருக்கேன், நீயும் சாப்பிடு. கோவத்துல பட்டினி கிடக்காத.

இன்னொண்ணு: அவங்க முகத்தைச் சுளிச்சா, நேரா காய் முன்னாடி கொண்டு போய் நிறுத்திடு. அதைப் பார்த்த பிறகும் வெட்டச் சொல்வாங்களாக்கா? நீ என்ன நெனைக்கிற?