அண்ணி அமுக்கிய கால்

ஜூன் 10, திங்கள்
மாவுக்கட்டைப் பிரித்தார்கள். உள்ளே இருந்தது என் கால்தானா? ஆபீசுக்கு இன்னும் லீவு. என்னைப் பார்த்துக்கொள்ள இண்டூரிலிருந்து பாஞ்சாலி அண்ணி வருகிறாராம், என் வீட்டுக்காரரின் அக்கா. என்னைக் கேட்டா முடிவு செய்தார்கள்?

ஜூன் 12
வந்துவிட்டார். வந்ததும் சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கினார். உப்பைக் காணவில்லை.

ஜூன் 14
இடது கெண்டைக்கால் வீங்கியிருக்கிறது. தொட்டால் சூடு. கட்டுப் போட்ட கால் அப்படித்தான் இருக்கும் என்று அண்ணி எண்ணெய் காய்ச்சி நீவினார். மாவு பிசைகிற கை. வலிக்கிறது என்றேன். "வலிச்சாத்தான் வீக்கம் எறங்கும்" என்றார்.

ஜூன் 16
இன்றும் நீவல். வீக்கம் கூடித்தான் இருக்கிறது. கத்திவிட்டேன். எதிர்வீட்டில் டிவியை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள்.

ஜூன் 17
தர்மபுரி போனோம். டாக்டர் இரண்டு கால்களையும் டேப் வைத்து அளந்தார். உடனே ஸ்கேன் என்றார். ஸ்கேன் வயிற்றுக்குத்தானே? அண்ணியை வெளியே நிற்கச் சொன்ன நர்ஸ் தோற்றுப்போனாள்.

ஜில்லென்று ஜெல் தடவி, தொடையிலிருந்து கீழே கருவியால் அமுக்கி அமுக்கி வந்தார் ஸ்கேன் டாக்டர். திரையில் கறுப்பாக ஒரு வட்டம். அமுக்கினால் சப்பையாகிவிடும்; அதுதான் நல்ல ரத்தக்குழாயாம். முழங்காலுக்குப் பின்னால் வந்ததும் வட்டம் அப்படியே நின்றது. ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்.

"அதத்தாங்க நானும் மூணு நாளா அமுக்குறேன், அசையவே மாட்டேங்குது" என்றார் அண்ணி.

டாக்டரின் கை நின்றது. "அசையாததாலதாம்மா இவங்க இங்க உயிரோட படுத்திருக்காங்க. கழண்டு நுரையீரலுக்குப் போயிருந்தா?"

அண்ணி பேசவில்லை. எனக்குக் கல்யாணமாகி இதுதான் முதல் முறை. சிரிப்பு வந்தது. அப்புறம்தான் நுரையீரல் என்றது உறைத்தது.

ஜூன் 21
ஆஸ்பத்திரியிலிருந்து வீடு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. அண்ணி இப்போது காலுக்குக் காவல். போர்வையைச் சரிசெய்ய வந்த என் வீட்டுக்காரரையே "தொடாதடா" என்று விரட்டினார்.

ஜூன் 22
சமையலறையில் அழுதுகொண்டிருந்தார். "உன்னக் கொல்லப் பாத்தனே" என்றார். உப்பு எங்கே என்று கேட்டேன்.

செப்டம்பர் 20
மறு ஸ்கேன். இதற்கென்றே ஊரிலிருந்து வந்த அண்ணி, வாயைப் பொத்திக்கொண்டு திரையைப் பார்த்தார். எல்லா இடமும் அமுங்குகிறது — அப்பாடா.

செப்டம்பர் 21
காலையில் அண்ணியை பஸ் ஏற்றிவிட்டோம். பஸ் அரூரையே தாண்டியிருக்காது, போன் செய்தேன். காலைத் தொங்கவிட்டு சும்மா உட்காராதீங்க, ரத்தம் கட்டிக்கும், பாதத்தை ஆட்டிக்கிட்டே போங்க என்றேன்.

"ஆட்டிக்கிட்டுத்தான் வரேன். முன்சீட்டுக்காரன் திரும்பித் திரும்பி மொறைக்கிறான்."

"மொறைக்கட்டும் அண்ணி. நீங்க ஆட்டுங்க" என்றேன்.