நீ காலியாக விட்ட கட்டங்கள்

இன்று காலை அச்சகத்திலிருந்து புதுக் கட்டு வந்தது. சணலை அறுத்ததும் அறை முழுக்க மை வாசனை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் நோயாளியை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் புரட்டி, எந்தப் பக்கம் படுக்க வைத்தோம் என்று நர்ஸ் குறிக்கிற தாள். மணி ஒரு வரிசை, வலது, இடது, மல்லாந்து என்று கட்டங்கள், கடைசியில் கையெழுத்து. அடியில் பொடி எழுத்தில், வடிவமைத்தவர் என்று போட்டு என் பெயர். வார்டுகளுக்கு அனுப்ப நான் ஒப்புதல் தரவேண்டும். பேனாவைத் திறந்தேன். ஒப்புதலுக்குப் பதில் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.

நாம் எம்.எஸ்சி. நர்சிங் படித்தபோது செங்கம் ரோட்டில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம். ஆய்வுக்கு நீ எடுத்தது குழந்தைகளின் ஊட்டச்சத்து, நான் எடுத்தது படுக்கைப்புண் தடுப்பு. இரண்டும் ஒன்றுதான் என்று நீ சாதிப்பாய். "முதுகுல வர்ற புண்ணு தட்டுல ஆரம்பிக்குதுடி. சாப்பாடு கம்மியானா தோலு தாங்காது" என்பாய். எனக்கு அது வீம்பாகப் பட்டது. என் ஆய்வில் சாப்பாட்டுக்குக் கட்டமே வைக்கவில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள் அடி அண்ணாமலை அங்கன்வாடிக்குப் போவாய். தொங்கவிடுகிற எடைத் தராசைத் தோளில் மாட்டிக்கொண்டு, நோன்பு மாதத்திலும் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்காமல், அந்த வெயிலில் போவாய். ஒரு குழந்தையை இரண்டு தரம் எடை பார்த்து, இரண்டும் ஒத்துப்போனால்தான் நோட்டில் ஏறும். உதவிக்கு வருகிறேன் என்று சொன்ன நான், மூன்றாம் நாளே தலைவலி என்று படுத்துக்கொண்டேன். நீயோ என் நோயாளிகளைக் கவனிக்க ஒரு நாள்கூடத் தவறியதில்லை. அவர்கள் முதுகுக்கடியில் கையை விட்டு, விரிப்பு ஈரமா என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுப்பாய்.

நம்மைப் பிரித்தது சித்திரைப் பௌர்ணமி. பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். கிரிவலக் கூட்டத்தில் முண்டியடித்து நாம் ஆஸ்பத்திரி வந்து சேர்ந்தபோது நான்கு மணி தாண்டிவிட்டது. காலை எட்டிலிருந்து என் நோயாளிகளை நாம் இருவருமே பார்க்கவில்லை. நான் உட்கார்ந்து எட்டு, பத்து, பன்னிரண்டு, இரண்டு என்று வரிசையாக நிரப்ப ஆரம்பித்தேன்.

"கண்ணால பாக்காததை எப்படி எழுதுவ?" என்றாய்.

"ஒரு நாளுதானேடி. ஸ்டாஃப் புரட்டிப் போட்டிருப்பாங்க."

"இருப்பாங்களா? அப்போ அதையே எழுது. 'போட்டிருப்பாங்க'னு எழுது."

நான் சிரித்து மழுப்பினேன். மறுநாள் காலை மூன்றாவது கட்டிலில் இருந்த பெரியவரின் இடுப்பெலும்புக்குக் கீழே சிவந்திருந்தது. நீதான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு அவரை ஆய்விலிருந்தே எடுத்துவிட்டேன். வேறு வார்டுக்கு மாற்றப்பட்டார் என்று காரணம் எழுதினேன். நீ என் நோட்டை வாங்கி, உடன் கவனித்தவர் என்று இருந்த இடத்தில் உன் பெயரைக் கோடு போட்டு அடித்தாய். அந்த வாரமே அறையைக் காலி செய்தாய்.

அதே பௌர்ணமி உன் ஆய்வையும் தின்றது. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அடி அண்ணாமலைத் தாய்மார்கள் கிரிவலப் பாதையில் மோரும் தண்ணீர் பாட்டிலும் விற்கப் போய்விடுவார்கள், குழந்தைகளும் கூடவே. அந்த நாட்களுக்கு எதிரே உன் நோட்டில் வெறும் கட்டங்கள். மறுநாள் போய்க் கிடைத்த குழந்தைகளை எடை பார்த்து, மறுநாள் தேதியையே போட்டாய். போன மாத எடையோடு கொஞ்சம் கூட்டிப் போட்டால் முடிந்தது என்று கைடு மேடம் சொன்னாராம். நீ மாட்டேன் என்றாய். அரைகுறை என்று உன் ஆய்வு திரும்பி வந்தது. என் ஆய்வுக்குப் பரிசு கிடைத்தது. நீ பட்டம் இல்லாமல் ஒரு சின்ன கிளினிக்கில் ஊசி போடப் போனாய். நான் படிப்படியாக ஏறி நர்சிங் கண்காணிப்பாளர் ஆனேன். அந்தப் பொய் ஆய்விலிருந்துதான் இந்தத் தாளை வடிவமைத்தேன்.

பக்கவாதம் வந்து உன் அண்ணன் உன்னை எங்கள் மருத்துவமனையில் சேர்த்தபோது, ஜன்னலோரக் கட்டில் வாங்கிக் கொடுத்ததில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. தினமும் காலை வந்து, உன் கால்மாட்டில் தொங்கும் தாளைப் பார்ப்பேன். ஒரு கட்டம் விடாமல் நிரம்பியிருக்கும். திருப்தியாகப் போய்விடுவேன். பத்துப் பன்னிரண்டு நாள் அப்படியே போயிற்று. பிறகு ஒரு காலை, கோணிய வாயால் மெதுவாகச் சொன்னாய்: "அதை விடு. என் முதுகைப் பாரு."

அப்போதும் நான் முதலில் தாளைத்தான் பார்த்தேன். மணி பத்தரை. மதியம் இரண்டு வரை குறித்தாகிவிட்டிருந்தது. விரிப்புக்கடியில் கையை விட்டேன், ஈரம். உன்னைத் திருப்பினால் உள்ளங்கை அகலத்துக்குப் புண். நீ என்னைத் திட்டவில்லை. "ஒரு முட்டை கேட்டேன், கஞ்சியேதான் வருது" என்றாய். திட்டியிருக்கலாம் நீ.

வார்டு நர்ஸைக் கூப்பிட்டேன். என்னிடம் படித்த பெண்தான். பயமே இல்லாமல் பதில் சொன்னாள். "நீங்கதானே மேடம் கிளாஸ்ல சொன்னீங்க, ஒரு கட்டம்கூட காலியா இருக்கக்கூடாதுனு. முப்பது பேருக்கு ரெண்டு பேரு இருக்கோம். வந்ததும் சார்ட்டை முடிச்சிட்டுதான் மத்த வேலை பாப்போம்."

அதன்பிறகு நானே வந்து உன்னைப் புரட்டினேன். வீட்டிலிருந்து முட்டை அவித்துக் கொண்டுவந்து பிசைந்து ஊட்டினேன். காலம் கடந்துவிட்டது, புண்ணிலிருந்து விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது. கடைசி நாள் தரச் சான்றிதழுக்காக வெளியூரிலிருந்து ஆய்வுக்குழு வந்திருந்தது. நான் கீழே ஃபைல்களோடு இருந்தேன். படுக்கைப்புண் தடுப்புப் பதிவுகள் வெகு ஒழுங்காக இருக்கின்றன என்று அவர்கள் என்னைப் பாராட்டிக்கொண்டிருந்தபோதுதான் மேலேயிருந்து ஆள் வந்தது.

சற்று முன்பு அச்சகத்துக்குப் போன் செய்து, அடியில் இருக்கும் என் பெயரை எடுக்க முடியுமா என்று கேட்டேன். இது அடித்தாகிவிட்டது மேடம், அடுத்த தடவை எடுத்துடறேன் என்றார். ஒப்புதல் போட்டு அனுப்பிவிட்டேன். உன்னைப் போலப் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு எழுந்து போக எனக்கு அன்றைக்கும் தெம்பு இல்லை, இன்றைக்கும் இல்லை.

உன் கடைசித் தாளை மட்டும் கோப்பிலிருந்து உருவி எடுத்துவிட்டேன். நான்காக மடித்து என் கைப்பையில் வைத்திருக்கிறேன். நீ போனது பகல் பன்னிரண்டே முக்காலுக்கு. இரண்டு மணிக்கு உன்னை இடது பக்கம் படுக்க வைத்ததாகவும், நான்கு மணிக்கு வலது பக்கம் திருப்பியதாகவும் அதில் இருக்கிறது. இரண்டுக்கும் எதிரே கையெழுத்து உண்டு.