செம்புக் கூஜா

மார்ச் 11, இரவு

தேக்கா சந்தையில் வாங்கிய செம்புக் கூஜாவில் இரவெல்லாம் வைத்திருந்த தண்ணீரைத்தான் அப்பா தினமும் குடிப்பார். இன்று மாலை அதையே எங்கள் தங்கமீன் ராணியின் தொட்டியிலும் ஊற்றிவிட்டார்.

"நமக்கு நல்லதுன்னா ராணிக்கும் நல்லதுதான் லா," என்றார்.

செம்பு கலந்த நீர் மீனின் செவுளைக் கெடுக்கும் என்று போன வாரம்தான் சயன்ஸ் டீச்சர் சொன்னார். ராணி மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது.

"பாரும்மா, என்கிட்ட பேசுது!" அப்பா சிரித்தார்.

வேலையிலிருந்து வந்ததும் முதலில் ராணியிடம்தான் பேசுவார். அவரிடம் எப்படிச் சொல்வது?

அவர் தூங்கியதும், தொட்டி நீரை இறைத்துவிட்டு, வாளியில் பிடித்து வைத்திருந்த நீரை ஊற்றினேன். ராணி இன்னும் அடியிலேயே கிடக்கிறது. செவுள் மட்டும் மெல்ல அசைகிறது.

கூஜாவை என் பள்ளிப் பையில் ஒளித்து வைத்திருக்கிறேன். காலையில் அப்பா தேடுவார். அதற்குள் எழுந்து நீந்திவிடு, ராணி.