மஞ்சள் தடவிய டெண்டர் கவர்

மே 2, சனி

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. கரண்ட் இல்லை. கடையைப் பூட்டிவிட்டுக் கீழ்வேளூர் பஸ். டெண்டர் பாரம் நிரப்பி முடித்தாயிற்று.

கடைமடை வாய்க்கால் தூர்வாரும் வேலை. மேட்டூர்த் தண்ணீர் வருமுன் முடிக்க வேண்டும். இத்தனை காலமும் எடுத்தவர் ஒரே ஒப்பந்ததாரர். முழுப் பெயர் வேண்டாம், கோ. என்றே எழுதுகிறேன். அவரிடம் கூலிக்கு வெட்டியவர்கள் சந்திராவும் அவள் தெருக்காரர்களும். இந்தத் தடவை அவர்களே சங்கம் பதிந்து நேரடியாகப் போட்டி போடுகிறார்கள். தலைவி சந்திரா. சம்பளமில்லாத கிளார்க் நான். என் இரும்புக் கடைக்கு மண்வெட்டி வாங்க வந்தவள், "டெண்டர்னா எப்படிப் போடுறது பாய்?" என்று கேட்டதில் ஆரம்பித்தது.

முன்பு குவைத் கம்பெனியில் டெண்டர் போடுவதுதான் என் பிழைப்பு. துறைமுகம், ஆஸ்பத்திரி, என்னென்னவோ. ஒன்றுக்கும் இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை.

வீட்டில் மனைவி ஜெய்புன்: "ஏங்க, வர்ற யாவாரத்தை விட்டுட்டு அங்க என்னங்க வேலை?" காரணம் சொன்னால் சிரிப்பாள்.

வாங்க வேண்டியது: அரக்கு, பெரிய கவர், ஜெய்புன்னுக்குத் தைல பாட்டில்.

மே 3, ஞாயிறு

புழுக்கம். தூறல் போடும் என்று பார்த்தேன், இல்லை.

டெண்டருக்கு முன்னால் எல்லோரும் கூடி, இந்த வருடம் யாருக்கு என்று பேசி முடிப்பது இங்கே வழக்கம். மற்றவர்கள் பேருக்கு ஒரு கவர் போடுவார்கள். கோ.வின் ஆள் இன்று சந்திரா வீட்டுக்கே போயிருக்கிறான்.

"இந்த வருசம் அண்ணன் எடுத்துக்கட்டும். அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"அடுத்த வருசம் அண்ணன் பாத்துக்கட்டும்" என்றாளாம். இதைக் கேட்டதிலிருந்து தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் பயம். தோற்றால் அதே கோ.விடம்தான் மறுபடி வேலைக்குப் போய் நிற்க வேண்டும். சேர்ப்பாரா?

மே 4, திங்கள்

கவரில் வேலையின் பெயர் தவிர ஒரு புள்ளி இருக்கக் கூடாது என்று படித்துப் படித்துச் சொன்னேன். அரக்கு வைத்து, பளிச்சென்று சந்திராவிடம் கொடுத்தேன். பெட்டியில் போட்டுவிட்டு வந்து சொல்கிறாள், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்தாளாம்.

"கல்யாணப் பத்திரிகையாம்மா அது?"

"புதுக் காரியம் பாய். மஞ்ச வைக்காம எப்படி?"

எனக்கு வந்த கோபத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டேன்.

மதியம் ஆபீஸில் இன்ஜினியர் முன்னால் பெட்டி திறந்தார்கள். எங்கள் கவரைப் பார்த்ததும் கோ. எழுந்தார். "அடையாளம் வச்ச கவர் சார். தள்ளிடுங்க." சந்திராவின் முகம் செத்துவிட்டது. என்னைப் பார்க்கவே இல்லை.

இன்ஜினியர் எல்லாக் கவரையும் மேஜையில் பரப்பினார். ஒன்று விடாமல் மூலையில் மஞ்சள். கோ.வின் கவரில் கூடுதலாகக் குங்குமம்.

"எல்லாத்தையும் தள்ளுனா, வாய்க்காலை நான்தான் வெட்டணும். உக்காருங்க."

உட்கார்ந்தார். ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். எங்கள் ரேட்தான் குறைவு. சந்திரா, "அப்ப நமக்குத்தானே பாய்?" என்று மூன்று தடவை கேட்டாள். நமக்குத்தாம்மா. பஸ்ஸில் நிற்கத்தான் இடம். கால் வலி தெரியவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது, வேறென்ன எழுத.

மே 16, சனி

வேலை உத்தரவு வந்துவிட்டது. ஒப்பந்ததாரர் என்ற இடத்தில் சந்திராவின் பெயர், அதன் கீழே சங்கத்தின் பெயர். ஜெய்புன்னிடம் விஷயத்தைச் சொன்னேன். சிரிக்கவில்லை. பாயசம் வைத்தாள்.

மே 18, திங்கள்

வேலை ஆரம்பம். லேசான மேகம். வாய்க்காலில் காட்டாமணக்கு ஆள் உயரம். கோ. ஆள் அனுப்பியிருந்தார், அவருடைய மண் அள்ளும் மெஷின் வாடகைக்கு வேண்டுமா என்று. "தேவைப்பட்டா சொல்லி அனுப்புறோம்னு சொல்லுங்க" என்றாள் சந்திரா.

வேலை நடக்கும்போது ஒப்பந்ததாரர் கரையில் நாற்காலி போட்டு உட்காருவார். பெண்கள் யார் வீட்டிலிருந்தோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து போட்டார்கள். சந்திரா வெட்கப்பட்டு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

உட்கார்ந்தாள். நன்றாகச் சாய்ந்து, கால் மேல் கால் போட்டு. கீழே வெட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பாய், நீங்க நிக்கிறீங்களே. இன்னொண்ணு எடுத்தாரச் சொல்லவா?"

"வேண்டாம்மா. நிக்கிறேன்."