விசுவாசிக்கிறேன் என்று சொல்ல மாட்டேன்

வண்ணார்பேட்டை,
3-8-2025

அன்பு மகள் கெசியாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசினால் இரண்டு பேரும் கத்துகிறோம், அதனால்தான் காகிதம். கர்த்தர் கிருபையால் எல்லோரும் சுகம், அம்மாவின் மூட்டுவலி நீங்கலாக. ஆடி மாதம், முகூர்த்தம் இல்லை, மண்டியில் வாழைத்தார் தேங்கிக் கிடக்கிறது.

உன் தங்கை பியூலாவின் பிள்ளைக்கு 31-ஆம் தேதி ஞானஸ்நானம். ஞானத்தாயாக நீதான் நிற்க வேண்டுமாம், ஒற்றைக் காலில் நிற்கிறாள். போதகர் கேட்கும்போது பிள்ளைக்காக "விசுவாசிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். அங்கே நாக்பூர் விகாரையில் நீ பஞ்சசீலம் எடுத்துப் புத்த மதத்தில் சேர்ந்தது சபையில் யாருக்கும் தெரியாது. வாயால் சொல்லிவிட்டுப் போயேன், நாக்கு தேய்ந்தா போகும்?

ஒன்று கேட்கிறேன். மேலே ஒருத்தர் இல்லை என்றால் மனுஷன் எதற்கு நல்லவனாக இருக்க வேண்டும்? கார்பைடு கல் வைத்தால் தார் சீக்கிரமே பழுத்துவிடும், தின்கிறவனுக்குத்தான் கேடு. நான் அதை விட்டது ஆண்டவர் பார்க்கிறார் என்ற பயத்தில். உனக்கு யாரிடம் பயம்?

வந்து சேர்.

அப்பா,
அருமைநாயகம்

நாக்பூர்,
9-8-2025

அன்புள்ள அப்பா,

அம்மாவுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறேன். முகர்ந்து பார்த்துவிட்டு அலமாரியில் வைக்காமல் முட்டியில் தேய்க்கச் சொல்லுங்கள்.

பியூலா பிள்ளையைத் தூக்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அந்த வார்த்தையை நான் சொல்ல மாட்டேன். உங்கள் கட்டளைகள் "செய்யாதே" என்று மேலிருந்து வருகின்றன. சீலம் அப்படியில்லை. பொய்யைத் தவிர்ப்பேன் என்று நானாக ஏற்றுக்கொண்டது. மீறினால் தண்டிக்க மேலே யாரும் இல்லை. கொடுத்த வாக்கு எனக்கு நானே கொடுத்தது, யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பேன்?

கல்லை நீங்கள் விட்டது பயத்தாலா? நான் அப்போது ஏழாம் வகுப்பு. நம் மண்டியில் தார் இறக்கும் முப்பிடாதி அண்ணன் மகள் கல் பொட்டலத்தைப் பிரித்து விளையாடிக் கை வெந்துபோனாள். அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினீர்கள். மறுநாள் அத்தனை கல்லையும் குழி தோண்டிப் புதைத்தீர்கள். அன்றைக்கு வேதத்தைத் திறந்து பார்த்துவிட்டா ஓடினீர்கள்? அவள் வலி உங்களுக்கும் வலித்தது. புத்தர் சொல்வதும் அதுதான் அப்பா.

ஞானத்தாயாக அல்ல, பெரியம்மாவாக வருகிறேன். அதற்கு இடமில்லை என்றால் எழுதிவிடுங்கள், டிக்கெட்டை ரத்து செய்கிறேன்.

கெசியா

வண்ணார்பேட்டை,
17-8-2025

கெசியா,

உன் கடிதத்தைக் கிழிக்கப் போனேன். அம்மா பிடுங்கிக்கொண்டாள். "பொய் சொல்லமாட்டேங்கா பிள்ள. அதுக்கா இந்தக் குதி குதிக்கிய?" என்றாள். அதற்குப் பிறகுதான் உறைத்தது. ஆண்டவர் பார்க்கிறார் என்கிற நான், அவர் வீட்டிலேயே உன்னைப் பொய் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

அதற்காக நான் தோற்றுவிட்டேன் என்று நினைக்காதே. அந்தப் பிள்ளை கையைப் பார்த்ததும் எனக்கும் வலித்ததே, அந்த வலியை உள்ளே வைத்தது யார்? யாருமில்லை என்பாய். கர்த்தர் என்பேன். சாகும்வரை அதைத்தான் சொல்வேன்.

இன்று ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளர் ஞானசிகாமணி வாசலில் பிடித்துக்கொண்டார். "அண்ணாச்சி, ஞானத்தாய்க்கு மக பேர எழுதிக்கிடட்டுமா?"

லீவு கிடைக்கவில்லை என்று சொல்ல வாய்வரை வந்தது. முழுங்கிவிட்டேன்.

"எம்மக இப்பம் புத்த மதம். வேற ஆளு நிக்கும்."

நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு "அண்ணாச்சி" மறந்து "வே" வந்துவிட்டது. "அப்பம் அவ கோயிலுக்குள்ள வாரது சரியா இருக்குமா வே?"

"எம் பேரனுக்குப் பெரியம்மா அவ. முன்பெஞ்சுலதான் இருப்பா. கண்ணு உறுத்திச்சின்னா நீரு பின்னால போயி இரும் வே."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு போனார். நீ ஞானத்தாயாக நிற்க மாட்டேன் என்றதில் பியூலா இரண்டு நாளாக முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். நீ வந்து சரிசெய்துகொள்.

டிக்கெட்டை ரத்து செய்யாதே. சபை முழுக்க எழுந்து நின்று "விசுவாசிக்கிறேன்" என்று விசுவாசப்பிரமாணம் சொல்லும். நானும் சத்தமாகச் சொல்வேன். நீ உட்கார்ந்தே இரு. தலையை மட்டும் குனியாதே.

அப்பா