வெள்ளை நட்சத்திரப் பூவின் பெயரட்டை

செவ்வாய், இரவு

இந்த வெள்ளவத்தைத் தொடர்மாடியில் யாருக்கும் முற்றம் இல்லை. அடுத்த வீட்டு லலிதா அக்கா தினமும் காலையில் என் பூச்சட்டிகளில்தான் சாமிக்குப் பூப் பறிப்பார். இன்று வெள்ளை நட்சத்திரப் பூவைப் பறித்த கையால் கண்ணைத் துடைத்துவிட்டார். அந்தச் செடியின் பால் நஞ்சு.

அவருடைய மகள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் எடுத்தாள். "டீச்சர், என்ன பூ எண்டு டொக்டர் கேக்கிறார். சட்டியில நீங்க வச்ச அட்டையில ஐசோடோமா எண்டு கிடந்தது. சரியோ?"

அது பழைய பெயர். இதை அந்தப் பேரினத்திலிருந்து பிரித்து, ஹிப்போபுரோமா என்று தனியாக வைத்துவிட்டார்கள். வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுப்பவளே நான்தான். புதுப் பெயரைச் சொன்னேன்.

"அம்மாவுக்குக் கண் திரும்பத் தெரியும்தானே?"

"ஓம்" என்றேன். எனக்கு எப்படித் தெரியும்?

சற்றுமுன் போய் அட்டையைத் திருத்திவிட்டு வந்தேன். கை கழுவும்போதுதான் உறைத்தது. தொடாதீர்கள் என்று இப்போதும் எழுதவில்லை.